வாடகை கொடாத குடித்தனக்காரர்கள்

எங்கள் வீட்டில் ஐந்து பேர் குடியிருக்கிறோம் என்று குடும்ப அட்டை சொல்கிறது. இது எவ்வளவு பெரிய பொய் என்பது சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில்தான் எனக்குத் தெரிய வந்தது. உண்மையில் எங்கள் கூரையின் கீழ்ப் பல்லாயிரம் ஜீவன்கள் சௌக்கியமாகக் குடித்தனம் செய்து வந்தன. அவற்றில் ஒன்றுகூட வாடகை கொடுத்ததில்லை. நாங்கள் ஐவர் இருப்பதை அவை பொருட்படுத்தியதாகவும் தெரியவில்லை.

காலஞ்சென்ற என் தகப்பனார் கணக்கு எழுதுவதில் மகா நிபுணர். 1951-ஆம் வருஷம் முதல் 1987 வரையில் வீட்டுச் செலவு ஒவ்வொன்றையும், காலணாக் கொத்தமல்லி வரையில், நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். வருஷத்துக்கு ஒன்றாக முப்பத்தேழு நோட்டுப் புத்தகங்கள். அவற்றையெல்லாம் ஒரு தேக்கு அலமாரியில் அடுக்கிப் பூட்டி வைத்திருந்தோம். "தேக்கு மரத்தைக் கரையான் தொடாது" என்று தச்சர் அந்தக் காலத்திலேயே உறுதி கூறியிருந்தபடியால், அலமாரியை வருஷக் கணக்கில் திறந்து பார்க்கவில்லை.

அன்று என் பெண் பள்ளிக்கூடத்துக் காரியமாக, "தாத்தா காலத்தில் அரிசி என்ன விலை, அப்பா?" என்று கேட்டாள். பெருமையுடன் அலமாரியைத் திறந்து 1962-ஐ உருவினேன். மேலட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே இருந்தது செம்மண். அடுத்தது 1963, அதுவும் மண். தச்சர் சொன்னது சத்தியந்தான். கரையான் தேக்கைத் தொடவில்லை. சுவரோடு ஒட்டியிருந்த முதுகுப் பலகையின் இடுக்கு வழியாக, தேக்கின் மேலேயே மண்ணால் ஒரு சாலை போட்டுக்கொண்டு போய், உள்ளேயிருந்த காகிதத்தை மட்டும் சாப்பிட்டிருந்தது.

என் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நோட்டை வாங்கிப் புடைவைத் தலைப்பால் மெதுவாகத் துடைத்துப் பார்த்தார். பிறகு, "விலைவாசி போனால் போகிறது. அவர் கையெழுத்து போய்விட்டதே!" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் பூச்சி சாஸ்திரம் படிக்க வைத்தது.

முதலில் வந்தவர்

என் முதல் யுத்தம் மண்ணெண்ணெயுடன் ஆரம்பமாயிற்று. அலமாரியைத் துடைத்து, சுவரில் எண்ணெயைத் தெளித்து, வெற்றி முரசு கொட்டினேன். மூன்று வாரம் கழித்து, அடுத்த அறைக் கதவு நிலையில் பென்சில் பருமனுக்கு ஒரு மண் கோடு ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு பூச்சி ஒழிப்புக் கம்பெனி ஒன்றுக்கு டெலிபோன் செய்தேன். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். "எத்தனை அறை, ஸார்?" என்று மட்டும் கேட்டார்கள். மறுநாள் ஒரு பையன் முதுகில் டப்பாவுடன் வந்தான். வீட்டை அவன் பார்க்கவில்லை. வீடுதான் அவனைப் பார்த்தது. அரை மணி நேரத்தில் சுவர், தரை, சமையலறை மேடை, மூடாத அரிசிப் பாத்திரத்தின் பக்கம் எல்லாவற்றிலும் தெளித்துவிட்டு, ரசீதைக் கொடுத்துவிட்டுப் போனான். இரண்டு நாள் வீடு முழுவதும் நெடி, குழந்தைகளுக்கு இருமல். கரையானுக்கோ ஒரு தலைவலிகூட வந்ததாகத் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் மண் கோடு மறுபடியும் ஏறிற்று.

மருந்து கொண்டு வராத மருத்துவர்

இரண்டாவதாக வந்தவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர். கையில் ஒரு டார்ச் விளக்கும் ஒரு திருப்புளியும் இருந்தன.

"மருந்து எங்கே, ஐயா?" என்று கேட்டேன்.

"இன்றைக்கு மருந்து இல்லை, ஸார். இன்றைக்கு விசாரணை மட்டுந்தான்" என்றார்.

ஒன்றரை மணி நேரம் விசாரணை நடந்தது. கதவு நிலைகளைத் திருப்புளியின் பிடியால் தட்டிக் கொண்டே போனார். நல்ல மரம் கணீரென்றது; அரித்த மரம் அப்பளம் மாதிரி சத்தம் போட்டது. குளியலறைச் சுவருக்குப் பின்னால் குழாய் கசிந்து ஈரம் பரவியிருந்ததைக் காட்டினார். மாடிப்படிக்குக் கீழே நாங்கள் ஆசையுடன் சேர்த்து வைத்திருந்த அட்டைப் பெட்டிகளைக் காட்டினார். கொல்லையில் வெட்டிப் போட்ட முருங்கை மரத்தின் அடிக்கட்டை மண்ணில் புதைந்து கிடந்ததைக் காட்டினார்.

என் தாயார், "ஏன் தம்பி, இதெல்லாம் நாங்களாகவே வைத்த விருந்து என்கிறாயா?" என்று கேட்டார்.

"விருந்து மட்டுமில்லை, அம்மா, இலை போட்டு, தண்ணீரும் தெளித்து வைத்திருக்கிறீர்கள்" என்றார் அவர்.

எந்தப் பூச்சிக்கும் வேண்டியவை உணவு, தண்ணீர், தங்க இடம், உள்ளே வர வழி ஆகிய நான்கே. இந்த நான்கையும் விட்டுவிட்டு மருந்தை மட்டும் அடிப்பது, ஓட்டைப் படகில் ஏறிக்கொண்டு தண்ணீரை இறைப்பது போன்றது. தெரிந்த தொழிலாளி முதலில் ஓட்டையைத் தேடுகிறான்.

ஈசலின் தாயகம்

கரையானை "வெள்ளை எறும்பு" என்று சொல்வது உண்டு. எறும்புக்கும் அதற்கும் உறவே கிடையாது. கரையான் கரப்பான் பூச்சியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது இன்றைய உயிர்நூலாரின் முடிவு. முதல் மழை பெய்த மாலையில் விளக்கைச் சுற்றி வந்து இறகை உதிர்க்கும் ஈசலும் வேறு ஜாதி அல்ல. புது ராஜ்யம் தேடிப் புறப்பட்ட கரையான் இளவரசர்களும் இளவரசிகளுமே அவை. ஈசல் உங்கள் சுவரின் உள்ளிருந்தே புறப்பட்டு வந்தால், தலைநகரம் அருகில் இருக்கிறது என்று பொருள்.

அந்த ராஜ்யத்தில் ஒரு ராணி, ஒரு ராஜா, பெருந்தலை கொண்ட போர்வீரர்கள், கணக்கற்ற வேலைக்காரர்கள் என்று நான்கு வகுப்பு உண்டு. மரத்தை அரிப்பவர்கள் வேலைக்காரர்கள். பெரும்பாலான இனங்களில் அவர்களுக்குக் கண் கிடையாது. மெல்லிய தோல் காற்றும் வெயிலும் பட்டால் உலர்ந்துவிடும். ஆகவேதான் எங்கே போனாலும் ஈர மண்ணால் சுரங்கம் கட்டிக்கொண்டு போகிறார்கள். நம் நாட்டுப் புற்றுக் கரையான்களில் சில, தாங்கள் அரித்து வந்ததைக் கொண்டு புற்றுக்குள் பூஞ்சக் காளான் தோட்டம் போட்டு, அந்தத் தோட்டத்து விளைச்சலை உண்கின்றன. மழைக்குப் பின் கிராமத்தார் பறித்து வந்து குழம்பு வைக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்திலிருந்து வெளியே எட்டிப் பார்த்ததுதான்.

இவ்வளவு தெரிந்த பிறகு, என் மண்ணெண்ணெய் ஏன் பலிக்கவில்லை என்பது விளங்கிற்று. நான் கொன்றவை நூறு வேலைக்காரர்கள். ராணியோ மண்ணுக்கடியில், நாள்தோறும் முட்டையிட்டுக்கொண்டு க்ஷேமமாக இருந்தாள்.

தரையில் துளைகள்

கரையானைத் தடுப்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு 6313 என்ற எண்ணுள்ள விதிமுறையை வகுத்திருக்கிறது. வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரம் போடும்போதே மண்ணுக்கு மருந்திட்டுவிட்டால் செலவும் குறைவு, பலனும் அதிகம். கட்டி முடித்துக் குடியேறிய வீட்டுக்கு வேறு முறை. சுவரும் தரையும் சேரும் இடத்தில், 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, 12 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துளைகள் போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரையில் மருந்து நீரைச் செலுத்தி, பிறகு சிமெண்டால் மூடிவிட வேண்டும். வீட்டைச் சுற்றிலும் மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோட்டைச் சுவர் ஒன்று எழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னாளில் இந்தக் கோட்டைக்கு ஆல்டிரின் என்ற மருந்தை உபயோகித்தார்கள். அது மண்ணை விட்டு வருஷக் கணக்கில் போகாது. பிராணிகளின் கொழுப்பிலும் மனிதர் உடலிலும் சேர்ந்து தங்கும். ஆகவே இந்தியாவில் அது தடை செய்யப்பட்டுவிட்டது. இக்காலத்து மருந்துகளில் இமிடாகுளோபிரிட் போன்ற சில தந்திரமானவை. கரையானுக்கு அவை இருப்பதே தெரியாது. பழைய பாதையிலேயே போய் மருந்தைப் பூசிக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பி, உறவினர்க்கெல்லாம் பகிர்ந்து கொடுக்கும்.

எங்கள் நண்பர் இந்த வேலையைச் செய்ய இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். ஆனால் துளைக் கருவியை வெளியே எடுப்பதற்கு முன்னால், குழாயைச் சரி செய்யவும், அட்டைப் பெட்டிகளை அகற்றவும், முருங்கைக் கட்டையைத் தோண்டி எறியவும், அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடவும் சொன்னார். "இவற்றைச் செய்யாவிட்டால் என் மருந்து வீண்" என்று சொல்லி, அவை முடியும் வரையில் வர மறுத்துவிட்டார்.

ஜெர்மனி போய் வந்த கரப்பான்

கரையான் விசாரணையின் நடுவில் சமையலறைக் கரப்பான்களும் பிடிபட்டன. சிறியவை, பழுப்பு நிறம், முதுகில் இரண்டு கறுப்புக் கோடுகள். "இது ஜெர்மன் கரப்பான், ஸார்" என்றார் நண்பர்.

இந்தப் பெயர் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. சுவீடன் தேசத்து இயற்கை நூலறிஞர் லின்னேயஸ் 1767-ல் இதற்கு ஜெர்மனியின் பெயரை வைத்தார். பல நாட்டுக் கரப்பான்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2024-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி என்ன சொல்கிறது? சுமார் 2,100 வருஷங்களுக்கு முன்னால் இந்தியாவிலோ மியன்மாரிலோ, வயல்வெளிக் கரப்பான் ஒன்றிலிருந்து பிரிந்து மனிதன் வீட்டோடு ஒட்டிக்கொண்டதுதான் இந்த இனம். பிறகு வியாபாரிகளோடும் படைகளோடும் மேற்கே பிரயாணம் செய்து, ஐரோப்பிய மேல்விலாசத்துடன் உலகைச் சுற்றிற்று. நம் பக்கத்துச் சரக்கு சீமைக்குப் போய்ச் சீமைப் பெயருடன் திரும்பி வருவது இது முதல் தடவை அல்ல!

இந்தக் கரப்பானின் பெண், முப்பது நாற்பது முட்டைகள் அடங்கிய பெட்டியைக் குஞ்சு பொரியும் சமயம் வரையில் தன் உடலோடு சுமந்து திரிகிறது. நாம் நடு இரவில் விளக்கைப் போட்டுச் செருப்பால் அடிப்பது அதற்கு ஒரு பொருட்டல்ல. வாசனைத் தெளிப்பான் மருந்தும் அடுப்படியிலிருந்து அலமாரிக்கு அதைக் குடிபெயரச் செய்வதோடு நின்றுவிடுகிறது. இக்காலத்து நிபுணர்கள் கடுகளவு பசை மருந்தைக் கீல்களிலும் இடுக்குகளிலும் வைக்கிறார்கள். அதைத் தின்ற கரப்பான் தன் இருப்பிடத்துக்குப் போய் இறக்கிறது. அதன் எச்சத்தையும் உடலையும் தின்ற மற்றவையும் இறக்கின்றன. காற்றில் நெடி இல்லை. பாத்திரத்தில் மருந்து இல்லை.

எனினும் பூச்சியும் பாடம் படிக்கிறது. இனிப்புப் பசையை வைத்து வைத்துக் கொன்றதன் பயனாக, குளுக்கோஸ் என்றாலே கசந்து ஒதுங்கும் கரப்பான் பரம்பரை உண்டாகிவிட்டதென்று 1993-ல் கண்டுபிடித்தார்கள். இனிப்பை விரும்பியவை மாண்டன. விரும்பாதவை வம்சம் வளர்த்தன. கொசு விஷயத்தில் நம் தேசமே இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. 1953-ல் டி.டி.டி. மருந்துடன் தொடங்கிய மலேரியா ஒழிப்பு இயக்கம் அந்த நோயை ஏறக்குறைய விரட்டியே விட்டது. பிறகு கவனம் தளர்ந்தது. கொசுவும் மருந்தைத் தாங்கப் பழகிற்று. 1976-ல் 64 லட்சம் பேருக்கு மலேரியா கண்டது. ஒரே மருந்தை நம்பி உட்கார்ந்தவனைப் பூச்சி ஜயித்துவிடும்.

எலியும் சர்க்காரும்

எலி கரப்பானைக் காட்டிலும் புத்திசாலி. சுண்டெலி உள்ளே வருவதற்கு அரைச் சென்டிமீட்டருக்குச் சிறிது அதிகமான சந்து போதும். அதன் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருப்பதால், எதையாவது கொறித்தே தீர வேண்டும். மின்சாரக் கம்பியாயிருந்தாலும் சரிதான். மழைத் தண்ணீர் தேங்கும்போது எலியின் சிறுநீரால் பரவும் எலிக் காய்ச்சலைப் பற்றி நம் நகரவாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூஞ்சூறை மட்டும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். விநாயகரின் வாகனமென்று நாம் வணங்கும் அந்தக் கூர்மூக்குப் பிராணி எலி ஜாதியே அல்ல. அதன் ஆகாரத்தில் பூச்சிகளே பெரும்பங்கு. கரப்பானை இலவசமாக ஒழித்துக் கொடுக்கிற தொழிலாளி அது.

எலியை ஒழிப்பதில் அறியாமையும் அதிகாரமும் சேர்ந்தால் என்ன ஆகுமென்பதற்கு நம் சரித்திரத்திலேயே சான்று உண்டு. 1896-ல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றிப் புனாவுக்கும் பரவிற்று. அந்நோய் எப்படித் தொற்றுகிறது என்பது அப்போது ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் 1897-ல் புனாவில் பிளேக் கமிட்டித் தலைவராயிருந்த ராண்டின் உத்தரவின்படி, சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்து சோதனை போட்டார்கள். பெண்கள் இருக்கும் உள்ளறைகளையும் விடவில்லை. சாமான்களை வெளியே எறிந்து எரித்தார்கள். ஜனங்களின் உள்ளம் கொதித்தது. அவ்வருஷம் ஜூன் 22-ஆம் தேதி சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். அதைத் தொடர்ந்து திலகர் மீது ராஜத்துரோக வழக்கு நடந்து, அவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது.

மறு வருஷம், 1898-ல், கராச்சியில் பால் லூயி சிமோண்ட் என்ற பிரெஞ்சு வைத்தியர் ரகசியத்தைக் கண்டுபிடித்தார். நோயைக் கொண்டு வருவது எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சி. எலி செத்தவுடன் தெள்ளு, சூடு தேடி மனிதனிடம் தாவுகிறது. அப்படியானால், அத்தனை நாள் வீடுகளைச் சூறையாடியதால் என்ன பலன்? உண்மையான சத்துரு, கலைந்து ஓடிய எலிகளின் முதுகில் ஏறிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

பிறர் வீட்டுக்குள் நுழைந்து வேலை செய்கிறவனுக்கு இரண்டு யோக்கியதைகள் வேண்டும். விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வீட்டாரின் சம்மதமும் நம்பிக்கையும் இருக்க வேண்டும். இந்த இரண்டில் எது இல்லாவிட்டாலும் பரிகாரம் நோயைவிடக் கொடியதாகிவிடும்.

எமனுக்கு எழுதும் அழைப்பு

இது பழங்கதை என்று நினைத்து விடுவதற்கில்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், ஒரு வீட்டில் எலிக்கென்று பூச்சி ஒழிப்பாளர்கள் நஞ்சை வைத்துவிட்டுப் போனார்கள். வீட்டார் குளிர்சாதனத்தை ஓடவிட்டுப் படுத்திருக்கிறார்கள். விடிவதற்குள் நஞ்சின் நெடி நால்வரையும் தாக்கிற்று. இரண்டு குழந்தைகள் இறந்துபோயின. செய்தியைப் படித்த அன்று, முதுகில் டப்பாவுடன் வந்த பையன் எங்கள் வீட்டிலும் அவ்வாறே எதையாவது வைத்திருந்தால் என்ற எண்ணம் என்னைத் தூங்க விடவில்லை.

எல்லா எலி மருந்தும் ஒன்றல்ல. இதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருப்பது நலம். புரோமாடியலோன் போன்ற கட்டி மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாட்களில் எலியைக் கொல்பவை. குழந்தை தவறித் தின்றுவிட்டாலும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் வைட்டமின் கே என்ற மாற்று மருந்து உண்டு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசைக்கும், துத்தநாகப் பாஸ்பைடுக்கும், அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கும் தனி மாற்று மருந்து கிடையாது. அலுமினியம் பாஸ்பைடு ஈரக் காற்றுப் பட்டவுடன் பாஸ்பீன் என்ற விஷ வாயுவை வெளியிடுகிறது. மூட்டை மூட்டையாகத் தானியம் அடுக்கிய கிடங்கில், காற்றுப் புகாத கித்தான் போர்த்து, நாட்கணக்கில் மூடி வைத்து வண்டுகளைக் கொல்வதற்கு உரிய பொருள் அது. மனிதர் படுக்கும் வீட்டில் அதற்கு வேலையே கிடையாது.

1968-ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-ஆம் வருஷத்து விதிகளும் இதற்காகத்தான் ஏற்பட்டன. இத்தகைய ஆவி நஞ்சுகளைக் கொண்டு தொழில் செய்கிறவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். விவசாயத்திலோ, ரசாயனத்தைப் பாடமாகக் கொண்ட விஞ்ஞானத்திலோ பட்டமும், மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்தில் பயின்ற சான்றிதழும் விதிகள் கேட்கின்றன. மருந்துப் புட்டியின் மேல் சாய்சதுரத்துக்குள் ஒரு வர்ணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை எல்லாவற்றிலும் குறைந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகவே போட்ட அடையாளம் இது. படித்த நாம்தான் அதைப் பார்ப்பதில்லை!

வசம்பும் வேம்பும் இருளரும்

நம் முன்னோர் இந்த யுத்தத்தில் கை கட்டி நின்றார்களா? இல்லை. தமிழ் நூல்களில் எத்தனையோ செல்லரித்துப் போயின என்பது உண்மை. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடியதெல்லாம் கரையானோடு நடத்திய ஓட்டப் பந்தயந்தான். ஆனால் எஞ்சியவை எஞ்சியதற்கும் காரணம் உண்டு. தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப் பட்டை இவற்றைப் பொடித்துக் கர்ப்பூரம் சேர்த்து, சிறு முடிச்சாகக் கட்டிச் சுவடிகளின் பக்கத்தில் வைக்கும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. நம் பாட்டிமார் பருப்புக்கு எண்ணெய் தடவியதும், துவரைக்குச் செம்மண் பூசியதும், நெற்குதிரில் நொச்சியும் வேம்பும் போட்டதும் அதே சாஸ்திரந்தான்.

இந்த வேம்புக்கே ஒரு வழக்கு நடந்தது. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்களில் பூஞ்சணத்தைத் தடுக்கும் முறையைத் தங்கள் கண்டுபிடிப்பென்று சொல்லி, ஓர் அமெரிக்கக் கம்பெனியும் அமெரிக்க விவசாய இலாகாவும் 1994-ல் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றன. இந்தியக் குடியானவன் தலைமுறை தலைமுறையாக அறிந்த விஷயம் இது என்று வாதாடியதன் பேரில் 2000-ஆம் வருஷம் அந்த உரிமை ரத்தாயிற்று. 2005-ல் அப்பீலும் தள்ளுபடியாயிற்று. வேம்பு நம் கொல்லையிலேயே இருக்கலாமென்று ஐரோப்பா சம்மதித்தது!

தொழில் நிபுணர் என்றவுடன் சட்டைப் பையில் பெயர் குத்தியவர்களையே நினைக்கிறோம். நம் நாட்டில் வயல் எலியை நஞ்சின்றிப் பிடிப்பதில் இருளர்களை மிஞ்ச ஆள் இல்லை. வளையின் வாயையும் அதைச் சுற்றியுள்ள மண்ணையும் பார்த்தே, உள்ளே எலி உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வளைக்குள் புகையை ஊதி, எலியையும் அது திருடிச் சேர்த்த நெல்லையும் வெளியே எடுப்பார்கள். பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்ட பின், 1978-ல் அவர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியில் பாம்பின் விஷத்தை எடுத்து, பாம்புக்கடி மருந்து தயாரிக்கக் கொடுத்து வருகிறது. 2017-ல் அமெரிக்காவின் புளோரிடா மாகாணம், காட்டில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை ஒழிக்க வழி தெரியாமல், மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அழைத்தது. முதல் சில வாரங்களிலேயே 13 பாம்புகள் பிடிபட்டன. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்கள் கொண்டு போன கருவியெல்லாம் கண்ணும் பொறுமையுமே.

எங்கள் நண்பரின் டார்ச் விளக்கும் திருப்புளியும் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தன.

கேட்க வேண்டிய கேள்விகள்

வீட்டுக்காரர்களும், ஓட்டல், மளிகைக் கடை, கிடங்கு வைத்திருப்பவர்களும் பூச்சி ஒழிப்பாளரை அழைக்கும்போது, கூலியைப் பேசுவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். உரிமம் இருக்கிறதா? முதலில் வந்து பார்ப்பாரா, டெலிபோனிலேயே விலை சொல்கிறாரா? எந்தப் பூச்சி, எங்கிருந்து வருகிறது? மருந்தின் பெயர் என்ன, சீட்டு ஒட்டிய புட்டியைக் காட்டுவாரா? தவறி உடம்பில் பட்டால் என்ன செய்வது? எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும்? குழந்தை, கர்ப்பவதி, முதியவர், ஆஸ்துமாக்காரர், வளர்ப்புப் பிராணி வீட்டில் உண்டா என்று அவராகக் கேட்டாரா? மறுபடி வந்து பார்ப்பாரா?

உணவு வியாபாரம் செய்கிறவர்களுக்குப் பூச்சித் தடுப்பு இஷ்டப்பட்டால் செய்கிற காரியமும் அல்ல. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. சோதனை உத்தியோகஸ்தர் வருவதற்கு முதல் நாள் மருந்தடிப்பது போதாது. கதவின் அடிச் சந்தை அடைப்பதும், இரவில் எச்சில் பாத்திரத்தைப் போட்டு வைக்காமல் இருப்பதும், மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளி அடுக்குவதும் மருந்தைவிடப் பெரிய மருந்து.

எங்கள் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். முப்பத்தேழு நோட்டுப் புத்தகங்களில் ஒன்பது பிழைத்தன. வெயிலில் உலர்த்தி, மென்மையான தூரிகையால் மண்ணைத் தட்டி, வசம்பு முடிச்சுடன் ஓர் இரும்புப் பெட்டியில் வைத்தோம். அன்று சாயங்காலம் என் தாயார் 1968-ஐப் புரட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்தார். ஓரம் முழுவதும் அரித்துப் போன ஒரு பக்கத்தின் நடுவில், என் தகப்பனாரின் முத்தான எழுத்தில் ஒரு வரி மட்டும் பழுதில்லாமல் இருந்தது.

"கரையான் மருந்து, கூலி உள்பட: ரூ. 11.50."

எல்லாவற்றையும் தின்ற கரையான், தன் பேரில் எழுதிய பற்றை மட்டும் மரியாதையாக விட்டு வைத்திருந்தது.

என் தாயார் பேத்தியைக் கூப்பிட்டு, புது நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துவரச் சொன்னார். "எழுதடி, கண்ணு. தேதி போடு. கரையான் மருந்து, கூலி உள்பட…" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "எவ்வளவடா கொடுத்தாய்?" என்று கேட்டார்.

தொகையைச் சொன்னேன். "அடேயப்பா!" என்றார். ஆனால் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.